ஒரு சுற்றுக்கு ஒரு பத்து

இரண்டாம் பூசை முடிந்து
ஆம்பிளைகள் டீக்கடைக்குக் கலைந்தபின்
கெபிக்குப் பக்கத்தில் மேசை போட்டு
சிஸ்டர் டயனீசியா எங்கள் விரல்களைக் குத்தினார்.
பாசி பறிக்கிற விரல். பார் உரசிக் காய்த்த விரல்.
ஊசி மூன்று தரம் வழுக்கியது.
நாலாவதில் வந்தது ஒரு சொட்டு.
இருநூற்று எண்பத்தாறு.
"கூடவா, கொறையவா?" என்று கேட்டேன்,
தராசு பார்க்கிற ஏஜென்டிடம் கேட்பது போல.

நடக்கணும் என்றார்.
பெஞ்சில் இருந்த இருபது பேரும் சிரித்தோம்.
மெற்றில்டா அக்கா
தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு
முப்பது வருசம் கூடை சுமந்து நடந்தவள்.
நான் மூச்சை அடக்கி
ஒரு நாளைக்கு நூறு முங்கு முங்குகிறவள்.
எங்களிடமா?

"அது கூடை நடந்தது.
நீங்க இன்னும் நடக்கலை."

சிரிப்பு நின்றது.
கச்சான் காற்றில் பந்தல் ஓலை மட்டும்
சடசடத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு தாளை நீட்டினார்.
ஓட்ஸ். ஆப்பிள். ஏதோ ஒரு எண்ணெய்.
எனக்குக் கோபம் வந்தது.
ஓட்ஸ் எந்தக் கடலில் விளையுது சிஸ்டர்?
வெலமீன் ஐஸ் பெட்டிக்குப் போகுது,
நண்டு கம்பெனிக்குப் போகுது,
எங்க வீட்டுக்கு வருவது
ரேஷன் அரிசியும் ராத்திரி பரோட்டாவும்.
தடைக்காலத்தில் அதுவும் கடன்.

அடுத்த ஞாயிறு தாள் இல்லை.
சிஸ்டர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து
எங்களைக் கேட்டார்:
நீங்க விக்காம ஒதுக்குற மீன் எது?
கோயில் வேலியோரம் யாரும் பறிக்காத கீரை எது?
சாளை என்றோம். காரல் என்றோம்.
முருங்கை என்றாள் செலஸ்தீன்,
கம்பளிப்பூச்சிக்குப் பயந்து
அவளே போன மாதம் வெட்டச் சொன்ன மரம்.

என் காலில் பார் கிழித்த புண்
தையில் பட்டது, விபூதிப் புதன் வந்தும் மூடவில்லை.
பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மாத்திரை வாங்கி
அது ஆறினபின்தான் நடைக்கு விட்டார்கள்.
மகன் பள்ளிக்கூடத்து வெள்ளை ஷூ.
ஒரு சைஸ் பெரிசு.
முன்னால் துணி அடைத்துக்கொண்டேன்.

கோயிலைச் சுற்றி நடந்தோம்.
தலையில் ஒன்றும் இல்லை.
கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
முதல் நாள் நான் இரண்டு கையையும்
இல்லாத கூடைக்குத் தூக்கிக்கொண்டே போனேனாம்,
மெற்றில்டா அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.
எண்ணிக்கை தவறாமல் இருக்க செபமாலை.
ஒரு சுற்றுக்கு ஒரு பத்து.
மூன்றாம் பத்தில் பேச்சு தொடங்கிவிடும்:
சீட்டுப் பணம், மருமகள்,
இலங்கைப் பக்கம் பிடிபட்ட படகு.
மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.
அவளும் மலைநாட்டுக்கு
நடந்து போனவள்தானே.

டீக்கடையிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டான்:
"என்ன, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறாங்களா?"
என் புருசன்தான்.

அன்றைக்குச் சாளைக் குழம்பு.
எப்போதும் அவருக்கு மீன், பிள்ளைகளுக்கு மீன்,
சட்டி வழித்த சாறு எனக்கு.
முதலில் எனக்கு நாலு மீன் எடுத்து வைத்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது,
திருடுகிறவளைப் போல.
அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் கேட்டார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
சந்தியாகப்பர் திருவிழாச் சப்பரத்தன்று
சால்னா மணத்தில் விழுந்தேன்.
பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்:
சாமி, மூணு பரோட்டா.
கம்பிக்கு அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு மெதுவான குரல்:
"எனக்கு முன்னூத்திப் பத்தும்மா."

அபராதமாக நாலு சுற்று கொடுத்தார்.
வெளியே வந்து மூன்றாம் சுற்றில் திரும்பிப் பார்க்கிறேன்,
அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
மூச்சு வாங்க வாங்க
சாமியார் வந்துகொண்டிருக்கிறார்,
மெற்றில்டா அக்காவுக்கு
ரொம்பப் பின்னால்.